தோன்றா எழுவாய்

அந்தப் பதினேழு பக்கங்களை எழுதியவன் நான்தான்.
தண்டர் பே நகரில், கேபிள் கம்பெனியின் இரண்டாம் மாடியில்,
ஹீட்டர் முழங்காலைச் சுட, ஜன்னல் முதுகில் குளிர,
மூன்று வாரம் எழுதினேன்.

'தாடி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்' என்றிருந்ததை
வக்கீல் பேட்ரிஸ் சிவப்பில் அடித்தார்.
"வேண்டும், வேண்டாம் இரண்டுமே வேண்டாம்.
கட்டளையிட்டால் அவர்கள் நம் ஊழியர்கள் ஆகிவிடுவார்கள்.
எதிர்பார்க்கப்படுகிறது என்று போடுங்கள்."

போட்டேன்.
ஒட்ட வெட்டிய தாடி எதிர்பார்க்கப்பட்டது.
பச்சை குத்திய கை மூடியிருக்க எதிர்பார்க்கப்பட்டது.
நீலச் சட்டை, ஒன்று நாற்பத்திரண்டு டாலர்,
அவரவர் காசில் வாங்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது.
எதிர்பார்ப்பவர் யாரென்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
செயப்பாட்டு வினை நல்ல கனமான மேலங்கி.
உள்ளே ஆள் உண்டா என்று
யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் பிரிவு, தொல்லை.
அதற்கு அரைப் பக்கம்.
வாடிக்கையாளருக்கு ஒப்பந்ததாரர் தரக் கூடாத தொல்லைகள்:
பார்வை, பேச்சு, தொடுகை, வேலை முடிந்தபின் போன்.
இந்தக் 'கூடாது'வை மட்டும் பேட்ரிஸ் அடிக்கவில்லை.
வாடிக்கையாளர் நான்காம் வேற்றுமையில் வந்தார்.
எழுவாயாக ஒரு தடவைகூட வரவில்லை.
நான் கவனிக்கவில்லை.
இல்லை, கவனித்தேன். மணி நாலரை ஆகியிருந்தது.

ஜனவரியில் கைசா நியெமெலா கூப்பிட்டாள், வேனுக்குள்ளிருந்து.
பேஸ்மென்டில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாளாம்.
அந்த ஆள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தானாம்.
ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன் என்றானாம்.
ஏணியைப் பிடிக்கவில்லையாம்.
பிறகு கொஞ்ச நேரம் வேனின் ஹீட்டர் மட்டும் பேசியது.
"என் டிரில் அங்கேயே இருக்கு," என்றாள்.

மேலே போய்ச் சொன்னேன்.
"அவள் நம் ஆள் இல்லையே," என்றார் க்ரெய்க்,
வருத்தமாகத்தான்.
அன்று மாலை அந்த வீட்டிலிருந்து ஒற்றை நட்சத்திரம் வந்தது:
வேலை பாதியில் நிற்கிறது. சட்டை வெளியே தொங்கியது.
யாரும் தொடாமலே கணினி
நான்காம் பிரிவின்படி அவளுக்கு எச்சரிக்கை அனுப்பியது.
சட்டைக்கு மட்டும் அவள் நம் ஆள்.

மறுநாள் நேரில் வந்தாள். மைனஸ் இருபத்தேழு.
பூட்ஸிலிருந்த பனி என் கம்பளத்தில் கரைந்துகொண்டிருந்தது.
ஒன்பதாம் பிரிவில் விரலை வைத்து
"இதில் நான் எங்கே இருக்கேன்?" என்றாள்.
காட்டினேன்.
செய்பவள் இடத்தில் இருந்தாள்.
"சரி, டிரில்லாவது?"

டிரில் கம்பெனியுடையது அல்ல; கம்பெனி போகாது.
ஆறு மணிக்கு என் காரில் நான் போனேன்.
நாலு நாள் தாடி, கசங்கிய ஸ்வெட்டர், ஷூவெல்லாம் சாலை உப்பு.
கதவைத் திறந்தவன் என்னை "சார்" என்றான்.
உள்ளே டிவியில் ஹாக்கி. வெங்காயம் வதங்கும் வாசனை.
டிரில்லைத் துண்டால் துடைத்து நீட்டினான்.
"நல்ல பெண். ஏன் அப்படி ஓடினாளோ."
தொண்டையில் வினைமுற்று இருந்தது.
எழுவாய் வரவில்லை.
நன்றி என்றேன்.
அவனிடம் நன்றி என்றேன்; அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் கைசா பெட்டியைத் திறந்து
அலகுகளை எண்ணினாள்.
"பத்து மில்லிமீட்டர் இல்லை."
திரும்பப் போய்க் கேட்கவா என்றேன்.
"வேண்டாம்," என்றாள்.
எவ்வளவு தெளிவான சொல் அது.

இரவு கோப்பைத் திறந்து ஒன்பதில் ஒரு வரி சேர்த்தேன்:
வாடிக்கையாளர் ஒப்பந்ததாரரைத் தொடக் கூடாது.
காலையில் ஓரத்தில் பேட்ரிஸின் சிவப்பு:
"இதைச் சொல்வது யார்?"

நான் என்று தட்டினேன். அழித்தேன்.
நாங்கள் என்று தட்டினேன்.
கர்சர் அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது, இது மூன்றாம் நாள்.
தாடி அரை அங்குலத்தைத் தாண்டிவிட்டது.
இதுவரை எனக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை.